மறு: ‘லைவ் பேட்ச்’ – நிறுத்தா ஒட்டா, ஓடுநிலை ஒட்டா?

வணக்கம்.

லினக்ஸ் இயங்குதளத்தின் கருவான கெர்னலில், அது ஓடிக்கொண்டிருக்கும்போதே போடும் மாற்றம்தான் ‘லைவ் பேட்ச்’. அதற்குத் தமிழில் ‘நேரலைத் திருத்தம்’ என்ற சொல் பொருந்தாது. நேரலை என்றால் ஒளிபரப்பு. திருத்தம் என்றால் பழைய நிரலை அழித்து எழுதுவதாகப் படும். உண்மையில் பழைய செயற்கூறு (ஃபங்ஷன்) நினைவகத்தில் அப்படியே கிடக்கிறது. அதன் வாசலில் ஒரு திருப்பம் மட்டும் வைக்கிறோம். எக்ஸ்86-64 (இன்டெல், ஏஎம்டி வகைச் செயலி) கெர்னலில் செயற்கூறுகளின் தொடக்கத்தில் எதுவும் செய்யாத 5 பைட் வெற்றுக் கட்டளை இருக்கும். ஒட்டு போடும்போது அது கெர்னலின் தடமறி கருவியான எஃப்டிரேஸை அழைக்கும் கட்டளையாகிறது. எஃப்டிரேஸ் புதிய செயற்கூறுக்கு அனுப்பிவிடுகிறது.

‘நிறுத்தா ஒட்டு’ என்று வைக்கலாம். சந்தூர்ப் பக்க நாற்றுப் பண்ணைகளில் ஒட்டு என்றாலே மாங்கன்றுதான். நெருக்கு ஒட்டில் கன்றைத் தாய்மரக் கிளையோடு சேர்த்துக் கட்டுவார்கள். ஒட்டு பிடிக்கும் வரை கிளையை வெட்டமாட்டார்கள். லினக்ஸ் நிறுவனமான சூசேயின் லைவ் பேட்ச் கருவிக்கு வைத்த ‘கேகிராஃப்ட்’ என்ற பெயரிலும் இருப்பது இதே ஒட்டுத்தான்.

– கிருஷ்ணகிரியிலிருந்து

---

ஐயா, வணக்கம்.

‘ஒட்டு’ சரி, ‘நிறுத்தா’ இடிக்கிறது. வேறு லைவ் பேட்ச் கருவிகளான கேஸ்பிளைஸும் தொடக்ககாலக் கேபேட்சும் செயலியின் எல்லாக் கோர்களையும் கண நேரம் நிறுத்தித்தான் மாற்றின. அவற்றுக்கும் பொருந்த ‘ஓடுநிலை ஒட்டு’ என்போம்.

அதற்குள் இரண்டு வேலைகள் உள்ளன, இரண்டுக்கும் தனிச்சொல் வேண்டும். முதலாவது, பைட்டுகளை மாற்றுவது. 5 பைட்டையும் ஒரே மூச்சில் எழுதினால், அதே கணத்தில் அங்கே வரும் இன்னொரு கோர் பாதி பழையதும் பாதி புதியதுமான கட்டளையைப் படித்துவிடும். அதனால் முதல் பைட்டில் மட்டும், வருபவரை இடைமறிக்கும் பொறிக்கட்டளை (டிராப்) 0எக்ஸ்சிசி, எல்லாக் கோர்களையும் ஒத்திசைத்தபின் மீதி 4 பைட், மறுபடி ஒத்திசைவு, கடைசியில் முதல் பைட். இடையில் வரும் கோரைப் பொறிக் கையாளி பார்த்துக்கொள்ளும். இதை ‘குறிமாற்று’ எனலாம்.

இரண்டாவதுதான் சிக்கலானது. இரண்டு செயற்கூறுகளில் பூட்டு எடுக்கும் வரிசையை மாற்றுகிறோம் என்று வையுங்கள். ஒரு பணி (ஓடும் நிரல்) பழைய ஒன்றையும் புதிய ஒன்றையும் கலந்து ஓட்டினால், பணிகள் ஒன்றுக்கொன்று காத்து நிற்கும் முட்டுக்கட்டைதான். எனவே 2017இல் வந்த லினக்ஸ் 4.12 முதல், பணிகள் ஒவ்வொன்றாக மாறுகின்றன. தூங்கும் பணியின் அழைப்பு அடுக்கில் (ஸ்டாக்) பழைய செயற்கூறு இல்லாவிட்டால் உடனே மாற்றம். இருந்தால், அந்தப் பணி கெர்னலிலிருந்து பயனர் வெளிக்குத் திரும்பும்போது. இதற்கு ‘மாறுகாலம்’?

– தருமபுரியிலிருந்து

---

வணக்கம் தம்பி.

‘ஓடுநிலை ஒட்டு’ ஏற்கிறேன். ‘மாறுகாலம்’ வேண்டாம், ‘பிடிகாலம்’ என்போம். ‘ஒட்டு பிடிச்சிருச்சா?’ என்று கேட்பது நம் வழக்கு. மாற்றம் நடந்துகொண்டிருக்கிறதா என்று காட்டும் ‘டிரான்சிஷன்’ கோப்பு 1 என்றே நின்றால் ‘ஒட்டு இன்னும் பிடிக்கவில்லை’ எனலாம். எந்தப் பணி தடுக்கிறது என்பதை ஒவ்வொரு பணியின் ‘பேட்ச்_ஸ்டேட்’ கோப்பில் பார்க்கலாம்; ஒட்டு போடும்போது 0 என்றால் இன்னும் மாறவில்லை. பெரும்பாலும் பழைய செயற்கூறுக்குள்ளேயே நெடுநேரம் உறங்கும் கெர்னல் இழைதான்.

காத்திருக்காமல் மாற்றத்தை முடிக்க ‘ஃபோர்ஸ்’ கோப்பில் 1 எழுதுவதை ‘வன்பிடி’ என்று குறிக்கலாம். கடுமையான சொல்தான், இருக்கட்டும். அதன்பின் பணிகளில் பழையதும் புதியதும் கலந்துவிடலாம். அந்த ஒட்டு மாட்யூலை மறுதொடக்கம் வரை கழற்றவும் முடியாது. விளக்கத்தில் இந்த எச்சரிக்கை அவசியம்.

இன்லைன் ஆன (அழைக்கும் இடத்திலேயே நிரல் பதிந்துவிட்ட) செயற்கூறை ஒட்ட வேண்டுமானால் அதை உள்வாங்கிய எல்லாச் செயற்கூறுகளையும் ஒட்ட வேண்டும். தரவுக் கட்டமைப்பில் புதுப் புலம் நேராகச் சேராது. வெளியே தனியாக வைத்துத் தொடுக்க வேண்டும். ஆங்கில மூலத்தில் அதை ‘நிழல் மாறி’ என்கிறார்கள். எனக்கு ‘பக்க மாறி’ பிடிக்கிறது. உங்களுக்கு?

– கிருஷ்ணகிரியிலிருந்து