ரெண்டு பேர் உட்கார்ந்து பேசுற சீனுக்கு ஷாட் எப்படி பிரிக்கிறது?

கேள்வி:
வணக்கம் நண்பர்களே, ஒரு ஷார்ட் ஃபிலிம் எடுக்கப் போறேன், அதுல முக்கியமான சீனே அண்ணனும் தம்பியும் டேபிள்ல எதிரெதிரா உட்கார்ந்து பேசுறதுதான். ஆரம்பத்துல அண்ணன் கைதான் ஓங்கியிருக்கும், வீட்டை வித்துடலாம்னு அவன்பாட்டுக்கு பேசிக்கிட்டே போவான், நடுவுல தம்பி ஒரு கவரை எடுத்து டேபிள் மேல வெச்சு தள்றான், அதுக்கப்புறம் அண்ணனால வாயே திறக்க முடியாது. இந்த மாற்றம் டயலாக் இல்லாம ஷாட்லயே தெரியணும். பலசாலிக்கு லோ ஆங்கிள், பலவீனமானவனுக்கு டாப் ஆங்கிள்னு எங்க பார்த்தாலும் சொல்றாங்க, அப்படியே வெச்சா போதுமா? கேமரா ஒண்ணுதான், 35, 50, 85 எம்எம் லென்ஸ் இருக்கு.

பதில் 1:
லோ ஆங்கிள்னாலே பவர்னு மனப்பாடம் பண்ணிக்காதீங்க ப்ரோ. ஒரு ஷாட்டுக்குன்னு தனியா அர்த்தம் கிடையாது, அதுக்கு முன்னாடி என்ன பார்த்துக்கிட்டு இருந்தோம்ங்கிறதை வெச்சுதான் அர்த்தமே வருது. சீன் முழுக்க அண்ணனை கீழ இருந்தே காட்டினா கண்ணு பழகிடும், அப்புறம் அது ஒண்ணுமே சொல்லாது, பின்னாடி சீலிங் தெரியுறது மட்டும்தான் மிச்சம்.

ஃப்ரேம்ல யார் எவ்வளவு இடம் பிடிக்கிறாங்கன்னு யோசிங்க. முதல் பாதியில தம்பியை தனியாவே காட்டாதீங்க, எப்பவும் அண்ணன் தோள் வழியா சஜஷன்லதான் வரணும், அதுவும் அகலமா காட்டுற 35 லென்ஸைப் போட்டு அண்ணன் தோளை ஒட்டி நின்னு எடுத்தா அண்ணனோட தலையும் தோளும் பாதி ஃப்ரேமை அடைச்சுக்கும், தம்பி ஒரு ஓரமா சின்னதா இருப்பான். அண்ணனுக்கு மட்டும் யாரும் குறுக்க வராத க்ளீன் சிங்கிள். கவர் வந்ததுக்கப்புறம் இதை அப்படியே மாத்திடுங்க, தம்பிக்கு க்ளீன் சிங்கிள், அண்ணன் சஜஷன்ல மாட்டிக்கணும். ரெண்டு பேருக்குமே அது வரைக்கும் க்ளோசப் கொடுக்காம வெச்சிருங்க, முன்னாடியே செலவு பண்ணிட்டா வேணும்ங்கிறப்ப கையில ஒண்ணும் இருக்காது.

இன்னொண்ணு, அண்ணன் விழுறதை நாம அவன் கூட இருந்து பார்க்கணுமா, எதிர்ல உட்கார்ந்து பார்க்கணுமா? கேமரா எங்க நிக்கணும்ங்கிறது அதுலதான் இருக்கு.

பதில் 2:
மேல சொன்னது சரிதான், ஆனா லோ ஆங்கிளை ஒரேடியா ஒதுக்க வேண்டாம், அதுக்கு ஒரு காரணம் மட்டும் குடுங்க. கவரை வெச்சுட்டு தம்பியை எழுந்து நிக்க வைங்க. அண்ணன் அவனை அண்ணாந்து பார்ப்பான், கேமராவும் உட்கார்ந்திருக்கிற அண்ணனோட கண்ணு மட்டத்துலயே இருக்கட்டும், லோ ஆங்கிள் தானா வந்துடும், யாரோ வேணும்னே கேமராவை கீழ வெச்ச மாதிரி தெரியாது.

இமேஜினரி லைனை மறந்துடாதீங்க. ரெண்டு பேருக்கும் நடுவுல ஒரு கோடு போட்டு, கேமராவை அதுக்கு ஒரே பக்கத்துல, 180 டிகிரிக்குள்ளயே வைங்க, தாண்டிட்டா ரெண்டு பேரும் ஒரே பக்கம் பார்த்து பேசுற மாதிரி ஆயிடும். தம்பி எழுந்து டேபிளை சுத்தி நடந்தா கோடும் கூடவே நகரும், அந்த நடையை கட் பண்ணாம ஒரே ஷாட்ல காட்டிட்டா மறுபக்கம் போயிடலாம். அண்ணன் உலகம் தலைகீழா மாறுற இடத்துக்கு இது ரொம்ப பொருத்தமா இருக்கும்னு எனக்கு தோணுது.

கேட்டவர்:
ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. அண்ணன் கூட இருந்துதான் பார்க்கணும். ஆனா அவரா நடிக்கிறவர் புதுசு, க்ளோசப்ல அதிர்ச்சியை காட்ட சொன்னா ஓவரா பண்ணிடுவாரோன்னு ஒரு பயம் இருக்கு.

பதில் 3:
அதிர்ச்சி ஆகவே சொல்லாதீங்க, கவரை பார்த்துட்டு மூச்சு விடுங்கன்னு மட்டும் சொல்லுங்க. லெவ் குலெஷோவ்னு ஒரு ரஷ்ய இயக்குநர், நூறு வருஷத்துக்கு முன்னாடியே ஒரு நடிகரோட சலனமில்லாத முகத்தை ஒரு தட்டு சூப்போடயும் ஒரு சவப்பெட்டியோடயும் மாத்தி மாத்தி ஒட்டி காட்டினார், முகம் ஒண்ணேதான், பார்த்தவங்க ஒண்ணுல பசியையும் இன்னொண்ணுல சோகத்தையும் பார்த்தாங்கன்னு சொல்லுவாங்க. உங்க சீன்லயும் முகத்துக்கு முன்னாடி வர்ற கவர்தான் பாதி நடிப்பை பண்ணப் போகுது.

அண்ணன் கூடவே இருக்கணும்னா, கவர் வர்றதுக்கு முன்னாடி அவனை பக்கவாட்டுல, தள்ளி நின்னு எடுங்க. அப்புறம் 35 போட்டு முகத்துக்கிட்ட போயிடுங்க, அவன் பார்வை லென்ஸை ஒட்டி இருக்கணும். முகத்தோட அளவு அதேதான்னாலும் தள்ளி நின்னு 85ல எடுக்கிறதும் கிட்டப் போய் 35ல எடுக்கிறதும் ஒண்ணு இல்ல, கேமரா பக்கத்துல வந்துட்டாலே நாம அந்த ஆளு கூட உட்கார்ந்த மாதிரி ஆயிடும். அவன் க்ளோசப் எடுக்கிறப்ப தம்பியா நடிக்கிறவர் லென்ஸுக்கு பக்கத்துலயே நின்னு டயலாக் சொல்லணும், வேற யாரோ படிச்சா கண்ணுல உயிர் இருக்காது. எடிட்ல தம்பி பேசப் பேச அண்ணன் முகத்துலயே இருங்க, பேசுறவனுக்கு கட் பண்ணியே ஆகணும்னு இல்ல.

ஒரே கேமராங்கிறதால முதல்ல மாஸ்டரை, அதாவது ரெண்டு பேரும் தெரியுற மாதிரி முழு சீனையும் ஒரே ஷாட்ல எடுத்துட்டு, அண்ணன் பக்கம் பார்க்கிற ஷாட் எல்லாத்தையும் முடிச்சுட்டு அப்புறம் லைட்டை திருப்புங்க. கவர் இன்சர்ட்டை, அதாவது கவரை மட்டும் கிட்டக் காட்டுற ஷாட்டை, கடைசியில எடுத்துக்கலாம், ஆனா அண்ணனோட பாயின்ட் ஆஃப் வியூல இருந்து, கவர் லென்ஸை நோக்கி நகர்ந்து வர்ற மாதிரி எடுங்க.