ஈரச் சாணையில் கத்தி: பிசிறு போனாத்தான் வேலை முடிஞ்சது

கடலூர் முதுநகரிலிருந்து:
சாணை பிடிச்ச கத்தி நாலே நாள்ல மழுங்குதுன்னா உடனே கல்லைக் குறை சொல்லாதீங்க. பெரும்பாலும் பிசிறை எடுக்காம விட்டதுதான் காரணம். ஒரு பக்கம் தேய்க்கத் தேய்க்க, வாயோட, அதாவது வெட்டுற ஓரத்தோட, மறுபக்கம் இரும்பு மெல்லிசா மடங்கி எழும். அதுதான் பிசிறு. கட்டைவிரலை முதுகிலிருந்து வாய்ப் பக்கமா மெதுவா இழுத்தா சொரசொரன்னு தட்டும். கைப்பிடி ஓரத்திலிருந்து நுனிவரை ஒரே சீராத் தட்டின பிறகுதான் பக்கம் மாத்தணும். நடுவுல எங்கயாவது தட்டலைன்னா, அங்கே கல் இன்னும் வாயைத் தொடலை.

பக்கம் மாத்தினதும் அழுத்தத்தைக் குறைச்சுக்கிட்டே வாங்க. கடைசியா தோல் சக்கரம், பாலிஷ் பேஸ்ட் தடவி. இங்கே சக்கரம் கத்தியோட முதுகுப் பக்கமிருந்து வாய்ப் பக்கமா ஓடணும். எதிரா வெச்சா வாய் தோலுக்குள்ள இறங்கி, கத்தியைக் கையிலிருந்து பிடுங்கிடும். அப்புறம் பேப்பரை அறுத்துப் பாருங்க. சிக்குற இடத்துல பிசிறு மிச்சம் இருக்கு, அல்லது அங்கே கூர் ஏறலை.

முத்தியால்பேட்டை, புதுச்சேரி:
அண்ணே சொன்னதோட கோணத்தையும் சேர்த்துக்கலாம். காய்கறிக் கத்திக்கு ஒவ்வொரு பக்கத்துக்கும் 15 டிகிரி போதும். வஞ்சிரத்தை முள்ளோட வெட்டுற கத்திக்கு 20லிருந்து 25 வைங்க, இல்லேன்னா நடுமுள்ளுல பட்டு வாய் பொரிஞ்சிடும். பழைய கோணத்தையே பிடிக்கணும்னா, வாயோரச் சரிவுல மார்க்கர் பூசி, சக்கரத்தைக் கையால ஒரு சுத்து சுத்துங்க. மை முழு அகலத்துக்கும் போனா சரி. வாய் ஓரத்துல மட்டும் போனா கோணம் அதிகம், மேல் ஓரத்துல மட்டும் போனா கம்மி.

நுனி வளையுற இடத்துல கைப்பிடியைக் கொஞ்சம் தூக்கிக் கொடுங்க. நுனி கல்லை விட்டு வெளியே போகக் கூடாது. போனா உருண்டுடும், அதைத் திருத்த நிறைய இரும்பு வீணாகும்.

வேகமா ஓடுற உலர் சக்கரத்துல வாய் நீலம் பாரிச்சா, ஏறக்குறைய 300 டிகிரி சூடு ஏறி அந்த இடத்துல பதம், அதாவது இரும்போட கடினம், போச்சுன்னு வெச்சுக்குங்க. அந்த நிறத்தைத் துடைச்சா பதம் திரும்பாது. தொட்டித் தண்ணியில நனைஞ்சுக்கிட்டே நிமிஷத்துக்கு 90 சுத்து ஓடுற 250 மி.மீ. ஈரச் சக்கரத்துல அந்தத் தொல்லை இல்லை.

பண்ருட்டியிலிருந்து:
பலா அறுத்த கத்தியை அப்படியே சக்கரத்துல வைக்காதீங்க. பால் கல்லோட துளைகளை அடைச்சிடும். தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைச்சு, சோப்புல கழுவிட்டு வைங்க. கல் மினுமினுன்னு ஆகி வழுக்கினா, கரடான கல்லைக் கொண்டு ஒரு தடவை உரசி விடுங்க.

புதுக்கல் தண்ணியை நல்லாக் குடிக்கும், தொட்டி குறையக் குறைய ஊத்திக்கிட்டே இருக்கணும். வேலை முடிஞ்சதும் தொட்டியை இறக்கிடுங்க. ராத்திரி முழுக்க அடிப்பக்கம் ஊறினா அந்தப் பக்கம் கனத்து, மறுநாள் சக்கரம் ஆடும். கடலூர், புதுச்சேரி உப்புக் காத்துக்கு இரும்புக் கத்தி சீக்கிரம் துருப்பிடிக்கும். ஈரம் துடைச்ச கையோட எண்ணெய் தடவி வைங்க.