புதுப்பிப்பு: ஜிலேபி நிரம்பிய குட்டையில் விரால் விட்டேன்

எங்கள் 20 சென்ட் பண்ணைக்குட்டையில் கட்லா, ரோகுவோடு ஜிலேபி கெண்டை புகுந்து பெருகி, பெரும்பாலும் விரல் நீளத்திலேயே நின்றுவிட்டது என்று போன வருஷம் ஆடியில் எழுதியிருந்தேன். ஜிலேபிக் குஞ்சுகளைத் தின்று குறைக்கும் என்று விரால் விடச் சொன்னீர்கள்.

விட்டேன். ஐப்பசியில் 60 குஞ்சு, எல்லாம் ஒரே அளவாக, சாண் நீளம். சிறிசும் பெரிசும் கலந்தால் ஒன்றையொன்று தின்றுவிடும். கட்லா அரைக் கிலோவைத் தாண்டியிருந்ததால் பயமில்லை. அதற்கு முன்பே இரண்டு நாள் வலை இழுத்துப் பெரிய ஜிலேபியை அள்ளிவிட்டேன். இதுதான் முக்கியம். உள்ளங்கை அகல ஜிலேபியை விரால் தொடாது, அது பாட்டுக்குக் குஞ்சு பொரித்துக்கொண்டே இருக்கும்.

ஒரு தப்பு செய்தேன். கரையைச் சுற்றி வலை கட்டவில்லை. அடைமழை இரவில் நான்கைந்து விரால் ஏறிப்போய்விட்டன. ஒன்றைத் தென்னம்பாத்தியில் உயிரோடு எடுத்தேன். மறுநாளே வலை கட்டினேன்.

இப்போது தவிடு போட்டால் ஜிலேபிக் கூட்டம் மொய்ப்பதில்லை, கட்லா மேலே வந்து வாய் திறக்கிறது. பார்க்கவே நிறைவாக இருக்கிறது. நேற்று கோரை ஓரத்தில் செக்கச்செவேலென்று விரால் குஞ்சுகள் திரண்டு நின்றன, அடியில் பெரிசு காவல். இரை குறையும் முன் பெரிய விராலில் பாதியைப் பிடித்துவிடப் போகிறேன்.