குளத்தில் தண்ணீர் நிற்கவில்லை, பாலத்தருகே ரயிலும் தடம் புரள்கிறது: உதவி வேண்டும்

ஆற்றங்கரை ஸ்டேஷன் (தெலுக் இந்தான்):

வணக்கம் அண்ணன்மாரே, அக்காமாரே. வீட்டுப் பின்புறத்தில் ஜி ஸ்கேல் (தோட்டத்தில் ஓட்டும் பெரிய அளவு மாடல்) ரயில் ஓட்டுகிறேன். தாப்பா ரோடு ஸ்டேஷனிலிருந்து எங்கள் ஊருக்கு வந்த பழைய கிளை ரயில் பாதையைத்தான் சின்னதாகச் செய்து பார்க்கிறேன். 1893-இல் திறந்த பாதை. அப்போது ஊரின் பெயர் தெலுக் ஆன்சன். என் தாத்தா அந்தப் பாதையில் கட்டை மாற்றும் கேங்கில் இருந்தவர். நம் மலேசிய ரயில் பாதையின் ஒரு மீட்டர் அகலத்தை 1:22.5 என்று சுருக்கினால் 44 மில்லிமீட்டருக்குச் சற்று மேலே வருகிறது. 45 மில்லி தண்டவாளம் அதற்குப் பொருந்திப் போவதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

ரயில் கடைசியில் பேராக் ஆற்றங்கரையில் வந்து நிற்க வேண்டும். அதற்காகத்தான் குளம். 3 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம், நடுவில் 60 சென்டிமீட்டர் ஆழம், கறுப்பு ரப்பர் ஷீட். வெட்டிய மண்ணை ஒரு பக்கம் மேடாக்கி, அதன் மேல் பாதை போகிறது. ஷீட்டின் ஓரம் அந்த மேட்டில் படுத்திருக்கிறது. அதன் மேல் கல்தூள், கல்தூளின் மேல் தண்டவாளம்.

இப்போது தண்ணீர் ஒரு நாளைக்கு 3 சென்டிமீட்டர் இறங்குகிறது. பம்பை நிறுத்தி வைத்தாலும் இறங்குகிறது. ஷீட்டைத் தடவித் தடவிப் பார்த்தாகிவிட்டது, ஓட்டை எதுவும் கைக்குத் தட்டுப்படவில்லை. அது போக, பாலத்துக்கு ஏறும் இடத்தில் குளத்துப் பக்கத் தண்டவாளம் சாய்ந்து, இஞ்சினின் முன் சக்கரம் இறங்கிவிடுகிறது. கல்தூள் வைத்து நிமிர்த்தினால் அடுத்த மழைக்கு மறுபடியும் சாய்கிறது.

இன்னொன்று. பழைய ரயில் ஸ்லீப்பர் கட்டைகள் சில கிடைத்திருக்கின்றன. குளத்தைச் சுற்றி ஓரக்கட்டாக வைத்தால் எடுப்பாக இருக்கும். வைக்கலாமா? குளத்தில் சின்ன கோய் மீனும் கப்பி மீனும் விட்டிருக்கிறேன்.

குளத்து வாத்தியார் (சித்தியவான்):

தம்பி, இரண்டும் ஒரே நோய் என்றுதான் எனக்குப் படுகிறது. முதலில் கணக்கைப் பாருங்கள். உங்கள் குளத்தின் மேற்பரப்பு 6 சதுர மீட்டர். 3 சென்டிமீட்டர் இறங்கினால் 180 லிட்டர். நம் வெயிலுக்கு ஆவியாகிப் போவது நாளைக்கு அரை சென்டிமீட்டர் அளவுதான், அதாவது 30 லிட்டர். மீதி 150 லிட்டர் தினமும் எங்கேயோ மண்ணுக்குள் போகிறது. அது உங்கள் மேட்டுக்குள் போகிறதென்றால் மேடு எப்படி நிற்கும்?

ஒரு சோதனை. இரண்டு நாள் தண்ணீர் விடாதீர்கள், பம்பும் வேண்டாம். ஒரு வாளியில் குளத்துத் தண்ணீரை எடுத்து, குளத்துக்குள்ளேயே படிக்கட்டில் வைத்து, வாளியிலும் குளத்திலும் கோடு போடுங்கள். வாளியில் இறங்குவது ஆவி. குளத்தில் அதற்கு மேல் இறங்குவது கசிவு. முக்கியமாக, எந்த மட்டத்தில் வந்து நிற்கிறது என்று பாருங்கள். நிற்காமல் இறங்கிக்கொண்டே போனால் அடியில் ஓட்டை. ஓரத்துக்குக் கொஞ்சம் கீழே வந்து நின்றுவிட்டால் கோளாறு ஓரத்தில்தான், ஷீட்டைக் குறை சொல்ல வேண்டாம்.

பீடோர் கோய் அக்கா:

ஸ்லீப்பர் கட்டை விஷயத்துக்கு மட்டும் உடனே பதில் சொல்கிறேன் தம்பி: வேண்டாம். செங்கால் மரத்துக் கட்டையாக இருந்தால் மருந்தில்லாமலேயே உழைக்கும். ஆனால் கெம்பாஸ் போன்ற மரக் கட்டைகளுக்குக் கிரியோசோட் என்ற தார் எண்ணெய் மருந்தை ஏற்றித்தான் பாதையில் போட்டார்கள். பழசாகிவிட்டால் இரண்டையும் கண்ணால் பிரிப்பது லேசில்லை. மத்தியான வெயிலில் கட்டையை முகர்ந்து பாருங்கள். தார் வாடை வந்தாலோ, கறுப்பாகக் கசிந்தாலோ, அது மீனுக்கு விஷம். மழைத் தண்ணீர் அதன் மேல் ஓடிக் குளத்தில் விழக் கூடாது. வாடை இல்லாவிட்டாலும் குளத்தோரம் வைக்காதீர்கள், ஸ்டேஷன் பக்கம் தள்ளி வையுங்கள். தாத்தா வேலை செய்த பாதையின் நினைவுக்கு அங்கேயும் அழகாகத்தான் இருக்கும்.

அப்புறம், தினமும் 180 லிட்டர் குழாய்த் தண்ணீர் விடுகிறீர்கள் என்றால் அவ்வளவு குளோரினும் சேர்ந்தே போகிறது. கசிவு தீரும்வரை ஆன்டி குளோரின் போடாமல் விடாதீர்கள். பாலத்தில் பித்தளைத் தண்டவாளம்தானே? குளத்துக்கு மேலே வைத்து அதை பாலிஷ் போட்டுத் தேய்க்க வேண்டாம். பித்தளையில் இருக்கும் செம்பு மீனுக்கு ஆகாது, அதிலும் மழைத் தண்ணீர் போல உப்புச் சத்துக் குறைந்த தண்ணீரில் இன்னும் ஆகாது. அந்தத் துண்டைக் கழற்றி, தள்ளி வைத்துத் துடையுங்கள்.

ஆற்றங்கரை ஸ்டேஷன்:

ரொம்ப நன்றி அக்கா. கட்டையில் தார் வாடை நன்றாகவே வருகிறது, எடுத்துவிட்டேன்.

வாத்தியார் சொன்ன சோதனையைச் செய்தேன். தண்ணீர் ஓரத்துக்கு 6 சென்டிமீட்டர் கீழே வந்து நின்றுவிட்டது. அதற்குப் பிறகு வாளியும் குளமும் ஒன்றாகவே இறங்குகின்றன. பாலத்தருகே ஒரு முழம் தண்டவாளத்தைக் கழற்றிக் கல்தூளை விலக்கினேன். மேலே காய்ந்து வெளுத்திருந்தது. விரல் ஆழம் போனதும் கறுத்து, பிசைந்த மாவாக ஒட்டியது. ஷீட்டின் ஓரம் அதற்குள் மடங்கிக் கிடந்தது. வெளிப்பக்க மண்ணை அழுத்தினால் தண்ணீர் ஊறி வந்தது. மழை பெய்யாத நாள் அது.

குளத்து வாத்தியார்:

பிடித்துவிட்டீர்கள். கல்தூள் விளக்குத் திரி எண்ணெயை இழுப்பது போலத் தண்ணீரை இழுக்கும். ஒரு முனை குளத்தில், மறு முனை மேட்டு மண்ணில்; நடுவில் ஷீட் படுத்துக்கிடக்கிறது. இரவும் பகலும் இழுக்கும். கொட்டிய மண் ஊறி இறங்குகிறது, அதோடு ஷீட்டின் ஓரமும் தாழ்கிறது, தாழ்ந்த இடத்தில் இன்னும் அதிகமாகப் போகிறது. தண்டவாளம் குளத்துப் பக்கமாகச் சாய்வது அதனால்தான்.

மேட்டுப் பக்கப் பாதையை முழுவதும் தூக்குங்கள். ஷீட்டின் ஓரத்தை நிமிர்த்தி, பின்னால் ஒரு வரிசைச் செங்கல் வைத்து, தண்ணீர் மட்டத்துக்கு மேல் ஒரு 7 சென்டிமீட்டராவது செங்குத்தாக நிற்கும்படி செய்யுங்கள். நுனி வெளியே காற்றில் தெரிய வேண்டும். மறைக்க முன்னால் கல் அடுக்கலாம், ஆனால் மண்ணோ தூளோ அதைத் தாண்டித் தொடக் கூடாது. கொத்தனார்கள் வைத்திருக்கும் தண்ணீர் டியூப்பால் நாலு பக்கமும் மட்டம் பாருங்கள். கண் மட்டத்தை நம்பாதீர்கள்.

பாதைக்குத் தனி அடித்தளம் வேண்டும். ஷீட்டை விட்டு ஒரு சாண் தள்ளி, பழைய கெட்டி மண் வரும்வரை தோண்டி, சின்ன சிமெண்ட் பட்டையாகப் போடுங்கள். பாலத்தின் இரண்டு முனையும் அதன் மேலேயே உட்காரட்டும். மேலே தூளுக்குப் பதில் கழுவிய சின்னக் கல், 3 முதல் 6 மில்லி. உங்கள் பக்கம் களிமண் என்பதால் மேடு முழுக்க உலர்ந்த பிறகே சிமெண்ட் போடுங்கள், அவசரம் வேண்டாம். புது சிமெண்டைக் கழுவிய தண்ணீர் குளத்துக்குள் இறங்காமலும் பார்த்துக்கொள்ளுங்கள். சுண்ணாம்பு மீனைக் கொன்றுவிடும்.

ஆற்றங்கரை ஸ்டேஷன்:

சரிங்க, புரிகிறது. பெரிய மழைக்கு என்ன செய்வது? சாயங்கால மழையில் குளம் வழிந்து மேட்டின் மேல்தான் ஓடுகிறது.

பீடோர் கோய் அக்கா:

வழிவதற்கு நீங்களே ஒரு இடம் கொடுத்துவிடுங்கள். பாதை இல்லாத பக்கத்தில், ஓரத்துக்கு 5 சென்டிமீட்டர் கீழே 50 மில்லி பி.வி.சி. குழாய் ஒன்று, வாய்க்கு வலை கட்டி, வீட்டு லோங்காங் (சாக்கடை) வரைக்கும். வலை இல்லாவிட்டால் கப்பியெல்லாம் மழையோடு போய்விடும். கப்பி இருந்தால்தான் கொசுப் புழு தங்காது.

ஒயரிங் பற்றி நீங்கள் எதுவும் சொல்லவில்லை. ரயிலுக்கான டிரான்ஸ்ஃபார்மர் வீட்டுக்குள் இருக்கட்டும், வெளியே 24 வோல்ட்டுக்குள் மட்டும் போகட்டும். பம்ப் லைனுக்கு 30 மில்லியாம்ப் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் கரண்ட்டைத் துண்டிக்கும் சுவிட்ச்) இருக்கிறதா என்று வயர்மேனை வைத்துப் பார்த்துவிடுங்கள். குளத்துக்குள் கை விடும்முன் பிளக்கைப் பிடுங்குங்கள்.

ஆற்றங்கரை ஸ்டேஷன்:

ஆர்.சி.சி.பி. இருக்கிறது அக்கா, டெஸ்ட் பட்டனும் வேலை செய்கிறது. வாத்தியார் சார், மேட்டுப் பக்கம் ஷீட்டை நிமிர்த்திச் செங்கல் வைத்தாயிற்று. பாதை இன்னும் போடவில்லை, மண் காயட்டும் என்று விட்டிருக்கிறேன். தண்ணீரை மேல் மட்டம் வரை நிரப்பிக் கோடு போட்டேன். வாளியும் குளமும் ஒரே அளவுதான் இறங்குகின்றன. சிமெண்ட் போடும்போது பாலத்து முனையில் போல்ட்டுக்கு இடம் விட வேண்டுமா, இல்லை சும்மா உட்கார வைத்தால் போதுமா?

குளத்து வாத்தியார்:

ஒரு முனையை மட்டும் போல்ட் போடுங்கள். மறு முனை சும்மா உட்காரட்டும், வெயிலில் பித்தளை நீளும்.