ஏற்காட்டு மலையில் ஆட்டோமேட்டிக் கார் குலுங்குகிறது: சரி செய்யலாமா, இந்தக் கம்பெனியே வேண்டாம் என்று விற்றுவிடலாமா?

நாகலூர் காபிக்காடு:
எல்லோருக்கும் வணக்கம். வீடு ஏற்காட்டில் நாகலூர் பக்கம், வேலை சேலம் ஐந்து ரோட்டில். செகண்ட் ஹேண்டில் வாங்கிய பெட்ரோல் ஆட்டோமேட்டிக் கார் வைத்திருக்கிறேன். ஏழு கியர், டூயல் கிளட்ச். கம்பெனி பெயரை வேண்டுமென்றேதான் போடவில்லை. போட்டால் பேச்சு முழுக்க அதிலேயே போய்விடும்.

பிரச்சினை இதுதான். அடிவாரத்தில் கிளம்பும்போது வண்டி நன்றாக இருக்கிறது. பாதி மலை ஏறியதும், முன்னால் பஸ்ஸோ லோடு வண்டியோ ஊர்ந்து போனால், கொண்டை ஊசி வளைவில் வண்டி தடதடவென்று குலுங்குகிறது. கூடவே கருகிய வாடை. போன ஞாயிற்றுக்கிழமை சுற்றுலாக் கூட்டத்தில் மாட்டியபோது, கியர்பாக்ஸ் சூடாகிவிட்டது என்று மீட்டரில் எச்சரிக்கையே வந்துவிட்டது. மனைவியும் குழந்தையும் உள்ளே இருக்க, வளைவில் ஓரங்கட்டி நின்றோம். மறுநாள் காலை எடுத்தால் எதுவுமே நடக்காத மாதிரி ஓடுகிறது.

ஒர்க்‌ஷாப்பில் கியர்பாக்ஸ் கண்ட்ரோல் யூனிட், கிளட்ச் இரண்டையும் மாற்ற வேண்டும், ஒன்றரை லட்சத்துக்கு மேல் ஆகும் என்கிறார்கள். மாமனாரோ, "யானையைக் கட்டித் தீனி போட முடியாது, தள்ளிவிடுங்கள் மாப்பிள்ளை. அந்தக் கம்பெனி வாசலையே இனி மிதிக்காதீர்கள்" என்கிறார். செலவு செய்வதா, விற்பதா? விற்றால், மலைக்கு எந்தக் கம்பெனி காரை அறவே தொடக் கூடாது? காரணத்தோடு சொல்லுங்கள்.

ஐந்து ரோடு ஸ்டாண்டு:
தம்பி, வாடகை வண்டி ஓட்டுகிறவன் சொல்கிறேன். எங்கள் ஸ்டாண்டில் யாரைக் கேட்டாலும் முதல் பதில் ஒன்றுதான்: ஊரை விட்டுப் போன கம்பெனி வண்டி வேண்டாம். தேவூ போனது. ஓப்பல் போனது. 2017 கடைசியோடு செவர்லே விற்பனையை நிறுத்தியது. 2021 செப்டம்பரில் ஃபோர்டு இந்தியாவில் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தது. அடுத்த வருடம் டட்சன் போனது. ஒவ்வொரு தடவையும் வண்டி வைத்திருந்தவன்தான் நடுத்தெருவில் நின்றான். நேற்று ஐந்து லட்சம் மதிப்பிருந்த வண்டியை இன்றைக்கு மூன்றுக்குக் கேட்பான்.

அப்படிப் போன ஒரு கம்பெனி வண்டி என்னிடமும் இருந்தது. இன்ஜின் தங்கம். ஆனால் குப்பனூர் ரோட்டில், கொட்டச்சேடு தாண்டி ஒரு திருப்பத்தில், எதிரே வந்த வண்டி உரசி ஹெட்லைட் போய்விட்டது. அந்த ஒரு ஹெட்லைட்டுக்காக வண்டி எத்தனையோ வாரம் செட்டில் கிடந்தது. கடைசியில் பெங்களூருவில் பழைய வண்டி உடைக்கிற இடத்தில் இருந்துதான் வந்தது. அத்தனை நாளும் சவாரி போச்சு.

ஓமலூர் டீசல்:
என் பட்டியலில் ஒரே பெயர், மாருதி. தகரம். தினமும் தொப்பூர் கணவாய் வழியாகத் தர்மபுரி போய் வருகிறேன். பின்னால் பிரேக் பிடிக்காமல் லாரி வந்தால் என்ன ஆகும் என்பதைக் கண்ணால் பார்த்தவன். மைலேஜுக்காகக் குடும்பத்தை அதில் உட்கார வைக்க மாட்டேன்.

கொண்டலாம்பட்டி ஸ்பானர்:
நாகலூர்க்காரரே, கம்பெனி பேச்சு அப்புறம். முதலில் வண்டியைப் பார்ப்போம். எழுதியிருப்பதைப் பார்த்தால் உங்களுடையது டிரை கிளட்ச் மாதிரி தெரிகிறது. உள்ளே இரண்டு கிளட்ச் இருக்கும். ஒன்று 1, 3, 5, 7ஆவது கியருக்கு, இன்னொன்று 2, 4, 6க்கு. வெட் கிளட்ச் என்றால் எண்ணெயில் மூழ்கியிருக்கும், எண்ணெய் சூட்டை வாங்கிக்கொள்ளும். டிரை கிளட்ச்சுக்குக் காற்றுதான் கதி. அடிவாரத்தில் இருந்து மேலே போகும் வழியில் 20 கொண்டை ஊசி. கூட்டத்தில் மாட்டினால் ஒவ்வொன்றிலும் வண்டி ஒன்றாம் கியருக்கும் இரண்டாம் கியருக்கும் நடுவில் அல்லாடும். கிளட்ச் முழுசாகப் பிடிக்காமல் தேய்ந்துகொண்டே இருக்கும். வாடை அங்கிருந்துதான் வருகிறது. காலையில் ஒழுங்காக ஓடுவதும் அதனால்தான்.

பணத்தைக் கட்டும் முன்னால் மூன்று விஷயம் பாருங்கள். ஸ்கேனர் போட்டு, பதிவான கோளாறு எண்களையும் இரண்டு கிளட்ச்சிலும் எவ்வளவு தேய்மானம் மிச்சம் என்பதையும் எழுதி வாங்குங்கள். "மாற்ற வேண்டும்" என்று வாயால் சொன்னதை நம்பிப் பணம் கட்டாதீர்கள். குலுக்கல் ஒன்றில் இருந்து இரண்டுக்குப் போகும்போது மட்டும் வருகிறதா, எல்லாக் கியரிலும் வருகிறதா என்று கவனியுங்கள். எல்லாவற்றிலும் வந்தால் இன்ஜின் மவுண்டிங்கையும் சந்தேகப்பட வேண்டும். பேட்டரி வோல்டேஜையும் எர்த் வயரையும் சோதியுங்கள். கரண்ட் குறைந்தாலே கண்ட்ரோல் யூனிட் கிறுக்குப் பிடித்த மாதிரி நடக்கும். இதெல்லாம் சரியென்றால், கிளட்ச் பிடிக்கும் புள்ளியை யூனிட்டுக்குப் புதிதாகக் கற்றுக்கொடுக்கும் செட்டிங் ஒன்று உண்டு, அதைச் செய்யச் சொல்லுங்கள். சில ஆயிரத்தில் முடிகிற வேலை.

ஓட்டும் முறையையும் பாருங்கள். ஏற்றத்தில் பிரேக்கைப் பாதி விட்டு வண்டியை ஊர விடாதீர்கள். ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்து வண்டியை நிறுத்தி வைக்கவும் கூடாது. பிரேக்கை முழுசாக மிதித்து நில்லுங்கள், அப்போதுதான் கிளட்ச் விடுபட்டு ஓய்வெடுக்கும். முன்வண்டி நல்ல தூரம் போன பிறகு ஒரே மூச்சில் எடுங்கள். மேனுவல் மோடில் ஒன்றாம் கியரைப் பிடித்து வையுங்கள். இறங்கும்போது இரண்டாம் கியர். இன்ஜினே வண்டியை இழுத்துப் பிடிக்கும்.

கொண்டலாம்பட்டி ஸ்பானர்:
இப்போது கம்பெனி விஷயம். ஸ்டாண்டு அண்ணன் சொன்னது அனுபவம், மறுக்க மாட்டேன். ஆனால் ஊரை விட்டுப் போன கம்பெனி என்றால் எல்லாமே கிடைக்காது என்று ஆகிவிடாது. ஃபியட்டும்தான் போய்விட்டது. அதன் 1.3 மல்டிஜெட் டீசல் இன்ஜின் ஸ்விஃப்ட், டிசையர், ரிட்ஸ், இண்டிகா விஸ்டா என்று எத்தனை வண்டியில் ஓடியது! இன்றைக்கும் அதன் உதிரி பாகத்துக்கு அலைய வேண்டாம், கைப்பழக்கம் இல்லாத மெக்கானிக்கும் கிடையாது. கிடைக்காமல் போவது எது என்றால், அந்த ஒரு மாடலுக்கு மட்டுமே பொருந்துகிற பொருள்: ஹெட்லைட், பம்பர், கதவுக் கண்ணாடி, டேஷ்போர்டு. அண்ணனுக்கு நடந்ததும் அதுதான்.

ஒரே கம்பெனிக்குள்ளேயே வித்தியாசம் உண்டு. ஃபோர்டு எகோஸ்போர்ட் பெட்ரோல் ஆட்டோமேட்டிக் ஆரம்பத்தில் டிரை கிளட்ச் பவர்ஷிப்ட் கியர்பாக்ஸோடு வந்தது. அதே குடும்பத்துக் கியர்பாக்ஸ் போட்ட ஃபோகஸ், ஃபியஸ்டா கார்களுக்காக அமெரிக்காவில் வாடிக்கையாளர்கள் கோர்ட்டுக்கே போனார்கள். 2017 கடைசியில் வந்த புது எகோஸ்போர்ட்டில் அதை எடுத்துவிட்டு டார்க் கன்வெர்ட்டர், அதாவது தேய்கிற கிளட்ச்சுக்குப் பதிலாக எண்ணெய் வழியாக இன்ஜின் விசையைக் கடத்துகிற ஆட்டோமேட்டிக், போட்டார்கள். ஃபோக்ஸ்வாகனும் அப்படித்தான். ஏழு கியர் டிரை கிளட்ச் பிரச்சினையால் 2013ல் சீனாவில் மட்டும் மூன்றே முக்கால் லட்சத்துக்கு மேல் கார்களைத் திரும்ப அழைத்தது. 2020ல் இந்தியாவில் விற்ற போலோ ஒரு லிட்டர் டர்போ ஆட்டோமேட்டிக்கில் இருப்பதோ ஆறு கியர் டார்க் கன்வெர்ட்டர். மலைக்காரருக்கு இந்த இரண்டும் வேறு வேறு வண்டி. பேட்ஜைப் பார்த்து ஒதுக்கினால் நல்லதும் கெட்டதும் சேர்ந்தே போய்விடும். என்னைக் கேட்டால், ஏற்காட்டுக்கு டிரை டூயல் கிளட்ச் எந்தக் கம்பெனி போட்டாலும் வேண்டாம். மேனுவல், இல்லாவிட்டால் டார்க் கன்வெர்ட்டர்.

அஸ்தம்பட்டி டீச்சர்:
ஓமலூர் சாருக்கு: பாதுகாப்பைப் பற்றிக் கவலைப்படுவது நூற்றுக்கு நூறு சரி. ஆனால் அதையும் கம்பெனி வாரியாகப் பார்க்க முடியாது சார். 2014 ஜனவரியில் குளோபல் என்கேப் என்ற கார் பாதுகாப்புச் சோதனை அமைப்பு இந்தியக் கார்களை மோதிச் சோதித்தபோது ஆல்ட்டோ 800, நானோ, ஃபிகோ, ஐ10, போலோ ஐந்துமே 5 ஸ்டாருக்குப் பூஜ்யம். மாருதி, டாடா, ஃபோர்டு, ஹூண்டாய், ஃபோக்ஸ்வாகன் என்று எல்லாக் கம்பெனியும் அதில் இருந்தன. அதே போலோ இரண்டு ஏர்பேக்கோடு 4 ஸ்டார் வாங்கியது. மாருதியிலும் 2020ல் எஸ்பிரெஸ்ஸோ பூஜ்யம், 2024ல் புது டிசையர் 5 ஸ்டார். பழைய வண்டி வாங்குகிறவர்கள் மாடலையும் வருடத்தையும்தான் பார்க்க வேண்டும். 2019 ஏப்ரலில் இருந்து எல்லாக் கார்களுக்கும் ஏபிஎஸ் (திடீர் பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்காமல் தடுப்பது) கட்டாயம், அந்த ஜூலையில் இருந்து டிரைவர் பக்க ஏர்பேக் கட்டாயம். அதற்கு முந்தைய அடிமட்ட வேரியண்ட் என்றால் இரண்டும் இல்லாமல் இருக்கலாம். பனி மூடிய ஈர ரோட்டில், வளைவில் ஏபிஎஸ் இல்லாத வண்டியை நினைத்துப் பாருங்கள்.

நான் ஒரு கம்பெனியை ஒதுக்கியதற்குக் காரணம் வேறு. 2015ல் ஃபோக்ஸ்வாகன் டீசல் கார்களில், சோதனை நடக்கும்போது மட்டும் புகையைக் குறைத்துக் காட்டும் மென்பொருள் வைத்திருந்தது வெளியே வந்தது. உலகம் முழுக்க 1.1 கோடி கார். இந்தியாவிலும் 3 லட்சத்து 23 ஆயிரத்துக்கு மேல் திரும்ப அழைத்தார்கள். பிள்ளைகள் மூச்சுவிடுகிற காற்று விஷயத்தில் தெரிந்தே பொய் சொன்னவர்களிடம் என் பணம் போகாது. ரிப்பேர் வருமா வராதா என்பது எனக்கு இரண்டாம் பட்சம்.

ஓமலூர் டீசல்:
டீச்சர், 2024 டிசையர் விவரம் எனக்குப் புதுசு, நன்றி. பழைய ஆல்ட்டோ விஷயத்தில் மட்டும் என் முடிவு மாறாது. நீங்கள் சொல்கிற நேர்மை கணக்கில் டொயோட்டாவையும் பார்க்க வேண்டும். அதன் டைஹாட்சு கம்பெனி பாதுகாப்புச் சோதனைகளில் தில்லுமுல்லு செய்ததை 2023ல் ஒப்புக்கொண்டதே.

அஸ்தம்பட்டி டீச்சர்:
ஆமாம் சார், பார்க்கத்தான் வேண்டும். டொயோட்டா என்பதாலேயே கேள்வி கேட்காமல் விட முடியாது.

ஐந்து ரோடு ஸ்டாண்டு:
தம்பி, ஒன்று விட்டுப்போச்சு. மலையில் இறங்குகிற வண்டிக்கு பிரேக் ஆயில் முக்கியம். அது காற்றில் இருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும். டாட் 4 தரத்து ஆயில் புதிதில் 230 டிகிரி வரையாவது கொதிக்காமல் தாங்க வேண்டும், ஈரம் ஏறினால் 155 வரை இறங்கிவிடும். சூட்டில் அது கொதித்தால் பெடல் தரை வரை போகும். இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை மாற்றிவிடுங்கள். எந்தக் கம்பெனி வண்டியானாலும் இதுதான் விதி. அப்புறம், இறங்கும்போது ஏறி வருகிற வண்டிக்கு வழி விடுங்கள். வெளியூர் வண்டிக்காரர்களுக்கு இது தெரிவதே இல்லை, பாதி நெரிசல் அதனால்தான்.

நாகலூர் காபிக்காடு:
எல்லோருக்கும் நன்றி. ஸ்பானர் அண்ணா சொன்னபடி வேறொரு கடையில் ஸ்கேன் செய்தேன். கிளட்ச் வெப்பம் அதிகமானதாகப் பல பதிவுகள். கண்ட்ரோல் யூனிட்டில் ஒரு கோளாறு எண்கூட இல்லை. பேட்டரி சரி. முதல் கிளட்ச்சில் தேய்மானம் நன்றாகவே மிச்சம் இருக்கிறது, இரண்டாவது கடைசிக்கட்டத்தில். குலுக்கல் ஒன்றில் இருந்து இரண்டுக்குப் போகும்போது மட்டும்தான் வருகிறது. செட்டிங்கைப் புதிதாகச் செய்து, ஒன்றாம் கியரைப் பிடித்தே மலை ஏறினேன். வாடை இல்லை. குலுக்கல் குறைந்திருக்கிறது, முழுசாகப் போகவில்லை.

கொண்டலாம்பட்டி ஸ்பானர்:
அப்படியென்றால் கண்ட்ரோல் யூனிட்டை மாற்றச் சொன்னது தேவையில்லாத செலவு. கிளட்ச் செட் மட்டும் போதும். அது இரண்டும் சேர்ந்துதான் வரும், ஒன்றை மட்டும் மாற்ற முடியாது. தினமும் மலை என்றால் புதுசு போட்டாலும் இதே கதை திரும்பும். சமவெளியில் ஓட்டுகிறவருக்கு இது நல்ல வண்டி. ஸ்கேன் ரிப்போர்ட்டைக் காட்டி, உள்ளதைச் சொல்லி, கிளட்ச் செலவைக் கழித்துக்கொண்டு விற்றுவிடுங்கள். மறைத்து விற்க வேண்டாம், அதுவும் மலைக்காரர் தலையில் கட்ட வேண்டாம்.

நாகலூர் காபிக்காடு:
மறைக்க மாட்டேன் அண்ணா. கோயம்புத்தூரில் இருக்கும் நண்பர் விவரம் தெரிந்தே கேட்கிறார். எனக்கு சீலநாயக்கன்பட்டியில் 2019 கடைசி ரிஜிஸ்ட்ரேஷனில் ஒரு பெட்ரோல் மேனுவல் சொல்லியிருக்கிறார்கள். இரண்டு ஏர்பேக், ஏபிஎஸ் உண்டு. மாமனார் அந்தக் கம்பெனியும் வேண்டாம் என்கிறார்.

கொண்டலாம்பட்டி ஸ்பானர்:
மாமனாரையும் கூட்டிக்கொண்டே ஞாயிற்றுக்கிழமை காலையில் வாருங்கள், லிஃப்டில் ஏற்றி அடிப்பக்கத்தை அவர் கண்ணாலேயே பார்க்கட்டும். அதற்கு முன் சேசிஸ் நம்பரை வாங்கி, கம்பெனி இணையதளத்தில் ரீகால் (கோளாறைச் சரிசெய்யக் கம்பெனி திரும்ப அழைப்பது) பாக்கி ஏதாவது இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். அதுவரை அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம்.