பழைய பாணி நீராவிக் கப்பலில் ஆற்றுப் பயணம்: அம்மா முதல் பையன் வரை எல்லோருக்கும் ஒத்துவருமா?

தாம்வே செல்வி கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். ரங்கூனிலிருந்து எழுதுகிறேன். வரும் ஜனவரியில் குடும்பமாக ஐந்து பேர் ஆற்றுக் கப்பலில் நாலைந்து நாள் போகலாம் என்று பேச்சு. அம்மாவுக்கு 71 வயது. இரண்டு முழங்காலும் தேய்மானம், ஒரு மாடி ஏறினால் நடுவில் நின்றுதான் ஏறுவார், இன்சுலின் பேனா போடுகிறார். வீட்டுக்காரருக்குத் தூக்கத்தில் மூச்சடைப்பு, இரவில் முகமூடி வழியாகக் காற்றைத் தள்ளும் சிபாப் மெஷின் வேண்டும். நாத்தனார் சுத்த சைவம். பையனுக்கு 9 வயது, ஒரு இடத்தில் உட்கார மாட்டான்.

பார்த்து வைத்திருப்பது மூன்று: நம் ஐராவதியில் மாண்டலே–பகான், எகிப்தில் நைல் நதியில் ஓடும் ஸ்டீம் ஷிப் சூடான், அமெரிக்காவில் மிசிசிப்பி. "நீராவிக் கப்பல்" என்று விளம்பரத்தில் போடுவதெல்லாம் உண்மையிலேயே நீராவிதானா? இந்த மாதிரிப் பயணம் யாருக்குச் சரிப்படும், யாருக்குச் சரிப்படாது? விவரம் தெரிந்தவர்கள் ஒளிக்காமல் சொல்லுங்கள்.

கொதிகலன் எழுதியது:

செல்வி அக்கா, முதல் கேள்விக்குப் பதில்: பெரும்பாலானவை நீராவி இல்லை. ஐராவதியில் சுற்றுலாவுக்கு ஓடவிட்ட பழைய தோற்றக் கப்பல்கள் டீசலில் ஓடுபவை. தேக்கும் பித்தளையும் பழைய அளவிலேயே இழைத்திருப்பார்கள், கீழே இருப்பது டீசல் எஞ்சின். மிசிசிப்பியில் 1932ஆம் வருஷத்துத் தூர்வாரும் கப்பலின் நீராவி எஞ்சின்களைப் பொருத்தி 1995ல் இறக்கிய அமெரிக்கன் குயின் இருந்தது. அதை நடத்திய கம்பெனி 2024 பிப்ரவரியில் மூடிவிட்டது. இப்போது அங்கே இரவு தங்கிப் போகும் சக்கரக் கப்பல்கள் டீசல். நிஜ நீராவி வேண்டுமென்றால் நியூ ஆர்லியன்ஸில் நாட்செஸ், லூயிவில் நகரத்தில் 1914ல் கட்டிய பெல் ஆஃப் லூயிவில் உண்டு. இரண்டும் சில மணி நேரச் சவாரிக்குத்தான். அதற்காக இங்கிருந்து அமெரிக்கா போவது வீண் செலவு.

உங்கள் பட்டியலில் இன்னும் நீராவியில் ஓடுவது சூடான் ஒன்றுதான். இரண்டு பக்கமும் சக்கரம், நடுவில் மும்மடி விரிவு எஞ்சின். பாய்லரிலிருந்து வரும் நீராவி முதலில் சின்ன சிலிண்டரில் தள்ளும், அழுத்தம் குறைந்து அடுத்ததில், இன்னும் குறைந்து மூன்றாவது பெரிய சிலிண்டரில் தள்ளும். பிறகு குளிர்ந்து தண்ணீராகி மறுபடி பாய்லருக்கே போகும். ஒரே நீராவியிடம் மூன்று தடவை வேலை வாங்குவதால் எரிபொருள் மிச்சம். தண்டுகள் கண்ணால் பின்தொடரக்கூடிய வேகத்தில்தான் சுற்றும். பையனுக்கு இதைவிட நல்ல காட்சி கிடையாது. ஓடும்போது எஞ்சின் அறையைப் பார்க்க விடுவார்களா என்று பதிவு செய்வதற்கு முன்பே கேட்டு வையுங்கள்.

சங்கடமான பக்கமும் உண்டு. நீராவிக் கப்பலில் பாய்லரை இரவில் முழுக்க அணைக்க மாட்டார்கள். ஆறிப்போன பாய்லரை அவசரமாகச் சூடேற்றினால் தகடும் குழாயும் ஒரே சீராக விரியாது, இணைப்புகள் கசியும். அதனால் தீயைத் தணித்து விடியும்வரை வைத்திருப்பார்கள். பாய்லருக்கு நேர் மேலே, ஒட்டினாற்போல் உள்ள கேபின்களில் சூடு இருக்கும், பம்பு அடிக்கும் சத்தமும் கேட்கும். பக்கச் சக்கரத்துக்கு அடுத்த கேபினில் பலகை ஒவ்வொன்றும் தண்ணீரில் அடிப்பது தரையில் தெரியும். தூக்கம் சுலபமாகக் கலைகிறவர்கள் சக்கரத்தையும் நங்கூரச் சங்கிலியையும் விட்டுத் தள்ளி இருக்கிற கேபின் கேட்க வேண்டும். கப்பலின் வரைபடத்தை வாங்கி, பாய்லர் எங்கே, புகைபோக்கி எங்கே, சக்கரம் எங்கே என்று அவர்களையே குறித்துத் தரச் சொல்லுங்கள். தர மறுத்தால் அந்த ஏஜென்ட் வேண்டாம்.

இன்னொன்று, பழைய கப்பல்களின் மேல்கட்டு மரம். அமெரிக்காவில் டெல்டா குயின் என்ற பேர்போன கப்பலுக்கு 2008ல் இரவுப் பயணம் நின்றதற்குக் காரணம், மர மேல்கட்டுக்குக் கொடுத்து வந்த தீப்பாதுகாப்பு விலக்கு நீட்டிக்கப்படாததுதான். புகை உணரும் கருவி கேபினுக்குள்ளேயே இருக்கிறதா, கதவு வெளி டெக்கில் திறக்கிறதா, ஏறிய அன்றே உயிர்காப்புச் சட்டை போடும் பயிற்சி உண்டா, 9 வயதுப் பிள்ளை அளவுக்குச் சட்டை இருக்கிறதா என்று கேளுங்கள். பெரியவர்கள் சட்டையைப் பிள்ளைக்குப் போட்டால் தண்ணீரில் தலைக்கு மேல் கழன்றுவிடும்.

ஆற்றுவழி எழுதியது:

ஐராவதி பற்றி நான் சொல்கிறேன். 1865ல் தொடங்கிய ஐராவதி ஃப்ளோட்டிலா கம்பெனி காலத்திலிருந்து இன்றுவரை இந்த ஆற்றில் எல்லாவற்றையும் தீர்மானிப்பது தண்ணீர் மட்டம்தான். ஆகஸ்ட் வாக்கில் நிரம்பும், பிப்ரவரி முதல் ஏப்ரல்வரை அடிமட்டம். மாண்டலே பக்கம் இரண்டுக்கும் நடுவே பத்து மீட்டர் அளவுக்கு வித்தியாசம் வரும். மணல்திட்டு ஒவ்வொரு மழைக்காலத்திலும் இடம் மாறும். போன வருஷம் கப்பல் போன வழியில் இந்த வருஷம் கடலைக்கொல்லை இருக்கும். அதனால்தான் தட்டை அடிக் கப்பல், அதனால்தான் முன்னால் ஒரு ஆள் மூங்கில் கழியைக் குத்தி ஆழம் சொல்லிக்கொண்டே வருவது. இரவில் திட்டு தெரியாது என்பதால் கரையில் கட்டிவிடுவார்கள்.

நிரந்தரத் துறை கட்டினால் ஆறு அதை விட்டுவிட்டு நகர்ந்துவிடும். ஆகவே பல ஊர்களில் துறை என்பதே ஒரு பலகைதான். கப்பல் மூக்கைக் கரையில் முட்டி நிறுத்தி, ஒரு அடி அகலப் பலகையைப் போட்டு, இரண்டு ஆட்கள் இரு முனையிலும் ஒரு மூங்கிலைத் தோளில் தாங்கி நிற்பார்கள். அந்த மூங்கில்தான் கைப்பிடி. பலகையைத் தாண்டினால் கரைமேடு. தண்ணீர் இறங்க இறங்க மேடு உயரும். ஜனவரியில் ஈர மண்ணில் மண்வெட்டியால் வெட்டிய படிகளில் ஏற வேண்டியிருக்கும். படி ஒவ்வொன்றும் ஒரு உயரம், மேல்படி காய்ந்திருக்கும், கீழ்ப்படி வழுக்கும். தேய்ந்த முழங்காலுக்கு ஏறுவதைவிட இறங்குவதுதான் ஆபத்து. உங்கள் அம்மா பகானில் இறங்குவார், நடுவில் உள்ள ஊர்களில் கப்பலிலேயே உட்கார்ந்திருப்பார் என்று வைத்துக்கொண்டுதான் கணக்குப் போட வேண்டும். வேடிக்கை பார்த்துக்கொண்டு டெக்கில் உட்கார்ந்திருக்கப் பிடிக்கிறவர் என்றால் அதுவும் அருமையான பயணம்தான். "இவ்வளவு தூரம் வந்தும் இறங்கவில்லையே" என்று மனசு அடித்துக்கொள்கிறவர் என்றால் வேண்டாம்.

விளம்பரத்தில் வராத விஷயம் ஒன்று. மார்ச்சில் தண்ணீர் அவ்வளவு கீழே இருக்கும்போது கீழ் டெக்கிலிருந்து தெரிவது மணல்சுவர் மட்டும்தான், கோபுரங்கள் மேல் டெக்கில் ஏறினால்தான் தெரியும். நவம்பரில் போனால் இந்தக் குறை கிடையாது. டிசம்பர், ஜனவரி காலைகளில் மூடுபனி விழுந்தால் புறப்பாடு தாமதமாகும். திட்டில் தட்டினால் இன்னொரு படகு வந்து இழுக்கும்வரை காத்திருக்க வேண்டும். இறங்கிய அன்றே விமானம் பிடிக்கிற மாதிரி டிக்கெட் போடவே கூடாது, நடுவில் ஒரு ராத்திரி விடுங்கள்.

இவ்வளவும் சொன்னபிறகு, மனசு கனத்தோடு சொல்கிறேன். இந்த ஜனவரிக்கு ஐராவதி வேண்டாம். 2021க்குப் பிறகு மாண்டலேக்கும் பகானுக்கும் நடுவே இரண்டு கரையிலும், சகாயிங், மியின்ஜான், பக்கொக்கூ பக்கங்களில், சண்டை நடந்திருக்கிறது. 2025 மார்ச் 28 நிலநடுக்கத்தில் 1934ல் கட்டிய பழைய ஆவா பாலமும் ஆற்றில் இடிந்து விழுந்தது. ராத்திரியில் கரையில் கட்டியே ஆக வேண்டிய கப்பலில், நோயாளியையும் குழந்தையையும் வைத்துக்கொண்டு போகும் வழியாக இப்போது அது இல்லை. நம் ஆறு எங்கும் போய்விடாது.

பணிநேர நர்ஸ் எழுதியது:

அக்கா, உடம்பு விஷயம் மட்டும் நான். ஆற்றில் அலை கிடையாது, வாந்தி மயக்கம் அநேகமாக வராது. அந்தக் கவலையை விடுங்கள். கவனிக்க வேண்டியது வேறு.

அம்மாவின் இன்சுலின்: திறக்காத பேனா 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். கேபினில் உள்ள குட்டி ஃப்ரிட்ஜை நம்ப வேண்டாம், கேபின் சாவி எடுத்தவுடன் மின்சாரம் நிற்கிற மாதிரி பல இடங்களில் வைத்திருப்பார்கள். சமையலறை ஃப்ரிட்ஜில் பெயர் எழுதிய டப்பாவில் வைக்கச் சொல்லுங்கள், ஆனால் ஐஸ் தட்டை ஒட்டி வைக்கக் கூடாது. ஒருமுறை உறைந்த இன்சுலின் உருகியபிறகு பார்க்க நன்றாகத் தெரியலாம், ஆனால் சரியாக வேலை செய்யும் என்று நம்ப முடியாது. தூக்கி எறிய வேண்டியதுதான். உபயோகத்தில் இருக்கும் பேனா அறை வெப்பத்தில் தாங்கும். பெரும்பாலான வகைகளுக்கு 28 நாள் கணக்கு, பெட்டிக்குள் உள்ள தாளைப் பார்த்துக்கொள்ளுங்கள். வெயிலில் நிற்கும் காரில் விட்டுவிடாதீர்கள். தேவைக்கு இரண்டு மடங்கு எடுத்து, பாதி உங்கள் கைப்பையில், பாதி வீட்டுக்காரர் கைப்பையில். சரக்குப் பெட்டியில் போடவே கூடாது.

கப்பலில் சாப்பாட்டு மணி தள்ளிப்போகும், கோயில் பார்த்துவிட்டு வர நேரமாகும். வேக இன்சுலினைத் தட்டு முன்னால் வந்தபிறகு போடச் சொல்லுங்கள். நடை அதிகமான நாளில் சர்க்கரை இறங்கும், குளுக்கோஸ் மாத்திரை அம்மா பையிலேயே இருக்கட்டும்.

சிபாப்: ராத்திரி ஜெனரேட்டரை நிறுத்துவார்களா என்று எழுத்தில் கேளுங்கள். "கரண்ட் இருக்கும்" என்ற பதில் போதாது. பன்னிரண்டிலிருந்து ஐந்து மணிவரை கட்டில் பக்கத்து ப்ளக்கில் இருக்குமா என்பதே கேள்வி. பழைய கேபின்களில் ப்ளக் கண்ணாடி மேஜைப் பக்கம்தான் இருக்கும், மூன்று மீட்டர் எக்ஸ்டென்ஷன் எடுத்துக்கொள்ளுங்கள். பாட்டரி வைத்து ஓட்டுவதென்றால் ஈரப்பதம் கொடுக்கும் சூட்டை அணைத்துவிடுங்கள், பாட்டரி நன்றாக நீடிக்கும். மெஷினில் ஊற்றக் காய்ச்சி வடித்த தண்ணீர் அங்கேயே இரண்டு பாட்டில் வாங்கி ஏறுங்கள்.

நைல் என்றால் பையனை ஆற்றில் கால் நனைக்கக்கூட விடாதீர்கள். நத்தைகள் வழியாகப் பரவும் பில்ஹார்சியா புழு தோல் வழியாகவே உள்ளே போகும். வியர்க்காத குளிர் என்று தண்ணீர் குடிக்காமல் இருந்துவிடுவார்கள், அதையும் பாருங்கள்.

தாம்வே செல்வி:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. ஆற்றுவழி அண்ணன் சொன்னதைப் படித்ததும் ஐராவதியை விட்டுவிட்டோம். நைல் பக்கம் சாய்கிறோம். அங்கே அம்மாவால் கரை ஏற முடியுமா? பையனுக்கு நீச்சல் குளம் இருக்குமா? நாத்தனார் சாப்பாடு?

ஆற்றுவழி எழுதியது:

சூடானில் நீச்சல் குளம் கிடையாது. குளமும் லிஃப்டும் வேண்டுமென்றால் லக்ஸர்–அஸ்வான் ஓடும் பெரிய டீசல் கப்பல்களைத்தான் பார்க்க வேண்டும். அவற்றில் வேறு தொல்லை: துறையில் நாலைந்து கப்பலை அணைத்து அணைத்துக் கட்டுவார்கள். கரைக்குப் போக அடுத்த கப்பல்களின் உள்ளே நடந்து போக வேண்டும், ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கப்பலின் சுவரும் புகையும்தான்.

கரை, நம் ஊர் மாதிரி மண் இல்லை, பெரும்பாலும் கல்படி. ஆனால் டிசம்பர், ஜனவரியில் கால்வாய்களைத் தூர்வார அஸ்வான் அணையிலிருந்து விடும் தண்ணீரைக் குறைப்பார்கள். மட்டம் இறங்க இறங்க ஏற வேண்டிய படி கூடும். அம்மாவுக்காக நவம்பருக்கோ பிப்ரவரி கடைசிக்கோ தள்ளினால் நல்லது. கொம் ஓம்போ கோயில் ஆற்றங்கரையிலேயே இருக்கிறது, நடை குறைவு. எட்ஃபு கோயிலுக்குத் துறையிலிருந்து வண்டியில் போக வேண்டும், குதிரைவண்டியில் ஏறுவதைவிட டாக்ஸி கேளுங்கள். அபு சிம்பெல் கோயில் அஸ்வானிலிருந்து சாலையில் 280 கிலோமீட்டர், விடியுமுன் கிளம்பி மதியம் திரும்புவது. அம்மா அன்று கப்பலில் இருக்கட்டும், அல்லது விமானத்தில் போங்கள்.

கேபின் விஷயத்தில் கொதிகலன் தம்பி சொன்னதோடு ஒன்று: அம்மாவுக்கு மேல் டெக் வேண்டாம். பழைய கப்பல் படிகள் ஏணிக்குச் சமம், ஒரு நாளைக்கு ஆறு தடவை ஏறி இறங்க வேண்டி வரும். சாப்பாட்டு அறை எந்த டெக்கில் இருக்கிறதோ அதே டெக்கில், பாய்லருக்கு முன்பக்கம் கேளுங்கள். கொஞ்சம் சத்தம் இருந்தாலும் படி மிச்சம்.

பணிநேர நர்ஸ் எழுதியது:

நாத்தனாருக்கு எகிப்து சுலபம். பெரிய அவரைக்கொட்டையை அரைத்து வடை மாதிரிப் பொரிக்கும் தாமியா, அதே கொட்டையை வேகவைத்துச் செய்யும் ஃபூல், அரிசியும் மைசூர்ப் பருப்பும் மக்ரோனியும் சேர்த்த கொஷாரி எல்லாம் இயல்பாகவே சைவம். சூப்பும் சோறும் கோழிச்சாற்றில் வேகவைப்பார்கள், அதை மட்டும் கேட்க வேண்டும். நம் ஊரில்தான் கஷ்டம்: சைவம் என்று சொன்னபிறகும் ஙப்பி என்ற மீன் விழுதும் உலர்ந்த இறால் பொடியும் தட்டில் வந்துவிடும். எழுத்தில் கொடுக்கும்போது "இறைச்சி, மீன், முட்டை, இறைச்சிச் சாறு எதுவும் கூடாது" என்று தனித்தனியாக எழுதுங்கள்.

கொதிகலன் எழுதியது:

பணம் கட்டுவதற்கு முன் ஒப்பந்தத்தில் ஒரு வரியைத் தேடுங்கள்: தண்ணீர் குறைந்தாலோ எஞ்சின் பழுதானாலோ பஸ்ஸில் கூட்டிப்போய் ஹோட்டலில் தங்க வைக்கலாம், பணம் திரும்பாது என்று அநேகமாக எல்லாவற்றிலும் இருக்கும். பழைய எஞ்சினுக்கு உதிரிப்பாகம் கடையில் கிடைக்காது, செய்துதான் போட வேண்டும், ஆகவே இது நடக்கக்கூடியதே. எத்தனை ராத்திரி போனால் எவ்வளவு திரும்பும் என்று எழுதி வாங்குங்கள். இன்ஷூரன்ஸில் அம்மாவின் சர்க்கரை வியாதியை மறைக்காமல் எழுதி, நோயாளியை நகரத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் செலவும் அடங்கியிருக்கிறதா என்று பாருங்கள். கேபின் வரைபடம் கைக்கு வந்ததும் இங்கே போடுங்கள், எந்த நம்பர் என்று பார்த்துச் சொல்கிறேன்.