ஹெடர் வேறு, டேட்டா வேறு: டிரைவரோடு பட்ட அனுபவங்களைப் பகிருங்கள்

நெட்வொர்க் கார்டு, வந்த பாக்கெட்டின் ஹெடரையும் (முகவரி போன்ற விவரங்கள் உள்ள முன்பகுதி) டேட்டாவையும் தனித்தனி இடத்தில் போடுவது பற்றியது இது. நான் தொடங்கி வைக்கிறேன். எங்கள் சர்வர்கள் நாள் முழுக்கப் பெரிய கோப்புகளை வாங்கிக்கொண்டே இருப்பவை. சிபியு நேரம் எங்கே போகிறது என்று பார்த்தால், கெர்னலிலிருந்து (இயங்குதளத்தின் மையப் பகுதி) புரோகிராமுக்கு டேட்டாவைக் காப்பி செய்வதுதான் முதலிடத்தில் நிற்கும். லினக்ஸில் 2018-இல் வந்த 4.18 பதிப்பு முதல் காப்பி இல்லாமல் டிசிபி டேட்டாவை வாங்க வழி இருக்கிறது. பாக்கெட் வந்து விழுந்த நினைவகப் பக்கத்தையே புரோகிராமின் நினைவகத்தில் இணைத்துவிடலாம். ஆனால் அந்த 4096 பைட் பக்கம் முழுக்க டேட்டாவாகவே இருக்க வேண்டும். ஈதர்நெட் 14, ஐபிவி4 20, டிசிபி 20, டைம்ஸ்டாம்ப் 12 என 66 பைட் ஹெடர் முன்னால் உட்கார்ந்திருந்தால் இது நடக்காது. அதனால்தான் கார்டே ஹெடரைப் பிரித்துத் தனி பஃபரில் (தற்காலிக நினைவக இடம்) போட வேண்டியிருக்கிறது.

இந்தப் பிரிப்புக்கு டிரைவர் (கார்டை இயக்கும் மென்பொருள்) ஆதரவு இருந்தது, கார்டு அமைப்புகளை மாற்றும் ஈத்டூல் கட்டளையில் ஆன் செய்தோம், அதுவும் 'ஆன்' என்றே காட்டியது. ஆனாலும் எல்லா பைட்டும் பழையபடி காப்பியாகவே வந்தன. காரணம் எம்டியு, அதாவது ஈதர்நெட் ஹெடர் நீங்கலாக ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவு. 1500 வைத்தால் பாக்கெட்டுக்கு 1448 பைட் டேட்டாதான் வரும், பக்கம் நிறையவே நிறையாது. ஐபிவி4-க்கு 4148 வைத்ததும் ஒவ்வொரு பாக்கெட்டும் சரியாக 4096 பைட் சுமந்து வந்தது. ஐபிவி6 என்றால் 4168. இரு முனைகளும் நடுவில் உள்ள ஸ்விட்சுகளும் அந்த அளவை ஏற்க வேண்டும், அதுதான் பெரிய வேலை. காப்பிச் செலவு அப்புறம் கண்ணெதிரே இறங்கியது.

*

எக்ஸ்டிபி (பாக்கெட் வந்ததும் டிரைவர் மட்டத்திலேயே சிறு புரோகிராமை ஓட்டும் வசதி) ஓட்டுபவர்கள் இதைக் கவனியுங்கள். பழைய பாணி எக்ஸ்டிபி புரோகிராம் முழு பாக்கெட்டும் ஒரே தொடர்ச்சியான பஃபரில் இருக்கும் என்று நம்பி எழுதப்பட்டது. ஹெடர் பிரிந்தால் அந்த நம்பிக்கை உடைந்துவிடும். நான் வேலை செய்த ஒரு கார்டில், கண்காணிப்புக்காக யாரோ எக்ஸ்டிபி ஏற்றியிருந்ததால் பிரிப்பை ஆன் செய்யவே டிரைவர் மறுத்தது. அதுதான் நியாயம். இன்னொன்றில் எக்ஸ்டிபி ஏறியதும் டிரைவர் சத்தமில்லாமல் பிரிப்பை அணைத்துவிட்டது. பயனர் வெளிப்படையாகக் கேட்ட ஒன்றை டிரைவர் தானாக மாற்றக் கூடாது, பிழை காட்டி நிற்க வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

*

நான் டிரைவர் எழுதும் பக்கம். ஹெடர் பஃபர் சின்னது, 128 அல்லது 256 பைட் என்று வைப்போம். ஐபிவி6 கூடுதல் ஹெடர்கள் சேர்ந்து அதைத் தாண்டினால், சில கார்டுகள் முழு பாக்கெட்டையும் டேட்டா பஃபரிலேயே போட்டுவிட்டு டிஸ்கிரிப்டரில் (பாக்கெட் பற்றி கார்டு டிரைவருக்குத் தரும் குறிப்பு) ஒரு பிட்டை மட்டும் ஏற்றிவிடும். அந்த பிட்டைப் பார்க்காத டிரைவர், ஹெடர் பஃபரில் கிடக்கும் பழைய குப்பையை ஹெடர் என்று மேலே அனுப்பும். ஒரு பாக்கெட்டை இன்னொரு யுடிபி பாக்கெட்டுக்குள் வைத்து அனுப்பும் விஎக்ஸ்லேன் சுரங்கத்திலும் கவனம் தேவை. உள் ஹெடரைப் புரிந்துகொள்ளாத கார்டு வெளி யுடிபி ஹெடரோடு நிறுத்திக்கொள்ளும், உள்ளே இருக்கும் டிசிபி ஹெடர் டேட்டாவோடு போய்விடும்.

சாதாரண நினைவகம் என்றால் பரவாயில்லை, கெர்னல் ஹெடரை இழுத்து வைத்துக்கொள்ளும். 2024-இல் வந்த 6.12 பதிப்பில் டேட்டாவை நேரே ஜிபியு நினைவகத்தில் இறக்கும் வசதி சேர்ந்தது. அங்கே விழுந்ததை சிபியு படிக்காது, ஹெடர் அங்கே போய்விட்டால் அந்த பாக்கெட்டைக் கெர்னல் கையாளவே முடியாது. எனவே பிரிப்பு ஆனில் இல்லாவிட்டால் ஜிபியு நினைவகத்தை இணைப்பதற்கே கெர்னல் சம்மதிக்காது. சிறிய பாக்கெட்டுகளைப் பிரிக்காமல் விடும் வரம்பும் பூஜ்யமாக இருக்க வேண்டும். டிரைவர் எழுதுபவர்கள், பிரிந்தவை எத்தனை, பிரியாதவை எத்தனை என்று இரண்டு கவுண்டர்களைத் தயவுசெய்து வையுங்கள். மேலே எம்டியு பற்றி எழுதியவரைப் போல 'ஆன்' என்று காட்டியும் வேலை நடக்காதபோது, எங்கே தேடுவது என்று அவைதான் சொல்லும்.